சத்தத்தைக் குறைக்காதே

இணையவழிப் பயிற்சியை முடிப்பதற்கென்று அந்த ஒன்றியத்து ஆசிரியர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். காணொளியைத் தள்ளித் தள்ளி ஓட்ட முடியாது. அதனால் போனைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். தலைமை ஆசிரியர் வல்லிநாயகம் அதைச் சாமி அலமாரியில் பண்பொழி முருகன் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்துவிடுவார். "அவராவது பார்க்கட்டும்" என்பார். வினாடி வினாவுக்கு விடைகளை இசக்கிச்செல்வி வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவாள், ஒன்று இ, இரண்டு அ என்று. கடைசியில் ஒரு கருத்துப் பெட்டி வரும். 'இந்தக் கட்டகத்தில் கற்றதை உங்கள் வகுப்பறையில் எவ்வாறு பயன்படுத்தினீர்கள்?' நான்கு வரியாவது எழுதினால்தான் சான்றிதழ் இறங்கும். அந்த நான்கு வரிக்குத்தான் குழல்வாய்மொழி டீச்சர்.

அவள் எழுதிப் பதிந்த உடனே ஒன்றியம் முழுக்க அதை நகலெடுத்து ஒட்டும். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. கும்பலில் கோவிந்தா போடுகிறவன் சுருதியா பார்ப்பான்? ஒருமுறை 'என் வகுப்பு மாணவி மிஸ்ரியா இப்போது தானாகவே வாசிக்கிறாள்' என்று அவள் எழுதப்போக, அந்த மாதம் ஒன்றியத்தில் இருந்த அத்தனை பள்ளிகளிலும் மிஸ்ரியா தானாகவே வாசித்தாள்.

இதை வைத்து இவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். வகுப்புக்குள் நுழைந்தால் உயிரைக் கொடுக்கிறவர்கள்தான். பாடநூலில் இருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனுக்குக் காட்டி, வரும் படத்தை நாற்பது பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவராய்த் தூக்கிக் காட்டுகிறவர்கள். காலையில் வருகைப்பதிவு, மத்தியானம் முட்டைக் கணக்கு, சாயங்காலம் இன்னொரு செயலி என்று எல்லாவற்றையும் அந்த ஒரு போனில் ஏற்றிவிட்டு, கடைசியில் கட்டாயம் கருத்துச் சொல் என்றால் மனுசனுக்கு என்ன கருத்து மிச்சமிருக்கும்?

குழல்வாய்மொழி மட்டும் காணொளிகளை உட்கார்ந்து பார்ப்பாள். அவளுக்குப் பிடிக்கும். அச்சன்புதூர் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்குத் தொடுதிரை வந்த வாரம் பனிமலைப் படம் ஒன்று போட்டாள். இடைவேளையில் திரும்பி வந்து பார்த்தால், நான்காம் வகுப்பு மொத்தமும் வரிசையில் நின்று திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. குளிருதா என்று கேட்டாள். லேசாக் குளிருது டீச்சர் என்றார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாததால் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியிருந்தது. அன்று சாயங்காலம் தென்காசியில் அவள் வீட்டு மாடியில் காயப்போட்ட துணி காயவுமில்லை, நனையவுமில்லை. சாரல் காலத்தில் அப்படித்தான். குழல்வாய்மொழி அந்த மாதத்துப் பயிற்சிக் கட்டகத்தை முடித்துவிட்டுக் கருத்துப் பெட்டிக்கு வந்தாள். 'வகுப்பறையில் இணையக் காணொளிகள்' என்பது தலைப்பு. நெட்வொர்க் இழுத்துக்கொண்டே இருந்ததால் பெட்டி திறக்கவில்லை. சும்மா இருக்கமாட்டாமல், மாநிலம் முழுக்க எழுதியிருந்த கருத்துகளை விரலால் தள்ளிக்கொண்டு போனாள். அருமையான பயிற்சி, நன்றி. மிகவும் பயனுள்ள பயிற்சி, நன்றி. பயிற்சி அருமை, நன்றி. நன்றி சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்த கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

அதற்கு நடுவில் ஒரு பெயர். சுகிர்தம், இடைநிலை ஆசிரியர், தாளவாடி.

'அருவி பற்றிய பாடத்துக்குக் குற்றாலக் காணொளி ஒன்றைப் போட்டேன். எங்கள் பிள்ளைகள் அருவி பார்த்ததில்லை. சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். நான் குறைத்துவிட்டேன். முழுச் சத்தத்தில் என்னால் நிற்க முடியவில்லை. மற்றபடி காணொளி பயனுள்ளதாக இருந்தது.'

குழல்வாய்மொழி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசம் வந்தது. எழுந்து போகவில்லை.

சுகிர்தமும் அவளும் முன்பு ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பு டீச்சர்கள். நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. இவள் இங்கே கணக்கில் தப்புவிட்டால் அங்கிருந்து சுகிர்தம் குரல் கொடுப்பாள். பிள்ளைகளுக்கு இரண்டு டீச்சரிடம் ஒரே நேரத்தில் படித்த கணக்கு. சீசன் வந்துவிட்டால் சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து நேரே குற்றாலம். மெயினருவியில் பெண்கள் வரிசை அனுமார் வால்போல நீளும். குழல்வாய்மொழி வரிசையில் நின்று, நெருக்கித் தள்ளுகிறவர்களோடு சண்டை போட்டு, குளித்து, பல் கிடுகிடுக்க வெளியே வருவாள். சுகிர்தம் ஒருநாளும் குளித்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். "தண்ணி உனக்கு, சத்தம் எனக்கு" என்பாள். அப்புறம் இரண்டு பேரும் கொதிக்கக் கொதிக்க மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுக் கடைசி சீட்டில் ஈரத்தோடு ஊர் திரும்புவார்கள்.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்த வருடம், பள்ளியில் ஒரு ஆசிரியர் உபரி என்றார்கள். பணியில் இளையவள் குழல்வாய்மொழி. விதிப்படி அவள்தான் போக வேண்டும். அப்போது அவள் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். பிள்ளை ஷ்ரவண் கைக்குழந்தை. சுகிர்தம் ஒன்றும் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போய், நான் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்று குழல்வாய்மொழி அழுதாள்.

"நான் தனிக்கட்டைதான. ஒரு வருசம் அந்த ஊர்த் தண்ணியையும் குடிச்சுப் பாக்கேன். மாறுதல் கலந்தாய்வு வச்சா ஓடி வந்துருவேன், பாரு."

பக்கத்தில் எங்கேயும் இடமில்லை. மாநிலத்தின் மறுகோடியில், சத்தியமங்கலம் காட்டைத் தாண்டி, தாளவாடி மலையில் போட்டார்கள். அடுத்த வருடம் கலந்தாய்வு வழக்கில் நின்றது. அதற்கடுத்த வருடம் தேர்தல். அப்புறம் கொரோனா. அப்புறம் நடந்தது, இந்தப் பக்கம் காலியிடம் இல்லை. ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

முதலில் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். ஒருநாள் சுகிர்தம் சொன்னாள், "இனிமே கூப்பிடாதட்டி. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ பேசும்போது பின்னால தென்காசி பஸ் ஸ்டாண்டு சத்தம் கேக்குது. அதுக்கப்புறம் ரெண்டு நாளு எனக்கு இங்கன நிக்க முடியல."

குழல்வாய்மொழி கூப்பிடவில்லை. அம்மா இறந்தபோதுகூடச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டபடி நடப்பதுதான் அன்பு என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு ஆனியிலும் மலை கறுத்து முதல் தூறல் முகத்தில் பட்டதும், அவளுக்குச் சுகிர்தம் ஞாபகம் வந்துவிடும். கணவன் கணபதிசுப்பிரமணியன் வங்கியிலிருந்து வந்து, "வா, குத்தாலம் போயிட்டு வருவோம்" என்பான். போவாள், குளிப்பாள், வருவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆளில்லாத அருவி அவளுக்கு வெறும் தண்ணீராகத்தான் இருந்தது.

பெட்டி இப்போது திறந்துகொண்டது. பதில் எழுதத் தனியாக இடம் எதுவும் அந்தத் தளத்தில் இல்லை. எல்லாக் கருத்தும் ஒரே வரிசை. பெயர் போட்டு எழுத அவளுக்குக் கூச்சம். படிக்க வேண்டியவள் படித்தால் தெரிந்துகொள்வாள் என்று எழுதினாள்.

'சத்தத்தைக் குறைக்காதே. பிள்ளைகள் கேட்கட்டும். இங்கே சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. நீ போன பிறகு எனக்கு ஒரு சீசனும் சீசனாக இல்லை. உன்னைக் கூப்பிடக் கூடாது என்றாய், கூப்பிடவில்லை. நினைக்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை. அம்மா போய்விட்டாள், அதைக்கூட உன்னிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கம்பிப் பக்கம் உன் இடத்தில் யார் யாரோ நிற்கிறார்கள்.'

பொத்தானை அழுத்தினாள். சான்றிதழ் இறங்கியது. வாழ்த்துகள் என்று அதில் பொன்னெழுத்தில் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பயிற்சிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள் என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அவள் பள்ளிக்குள் நுழைந்ததும் இசக்கிச்செல்வி ஓடி வந்தாள். ஐந்தாம் வகுப்பு எடுக்கும் சின்னப் பெண். வாய் துடுக்கு, மனசு வெள்ளை.

"யக்கா, இந்தத் தடவ என்னக்கா எழுதிருக்கீங்க? நான் பாட்டுக்குக் காப்பி பண்ணிப் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரங்க போன எடுத்துப் பாத்துட்டு, யாரட்டி நீ இப்படி உருகி உருகிக் கூப்பிடுதன்னு நேத்துலருந்து சோறு திங்க மாட்டேங்காங்க."

குழல்வாய்மொழிக்கு ஒரு கணம் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் போனை எடுத்துத் தளத்தைத் திறந்தாள். சத்தத்தைக் குறைக்காதே. அடுத்தது, சத்தத்தைக் குறைக்காதே. கீழே தள்ளினாள். பண்பொழி டீச்சர் ஒருத்தி, அம்மா போய்விட்டாள் என்று எழுதியிருந்தாள். அவள் அம்மா அன்றைக்குக் காலையில்தான் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். உடற்கல்வி ஆசிரியர் சுடலைக்கண்ணு, ஆறடி ஆள், மீசையோடு சிரிக்கும் படத்துக்குக் கீழே, நினைக்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றியம் முழுக்க, நூற்றுக்கும் மேலானவர்கள், யாரோ ஒருத்தியை வரிசையாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலைமை ஆசிரியர் அறையிலிருந்து வல்லிநாயகம் அழைத்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"டீச்சர், நேத்து எங்க வீட்ல பெரிய ரகள. யாரு அந்த நீ, எந்தக் கம்பி, எப்ப போனீங்கன்னு ரெங்கம்மா என்னப் புடுங்கி எடுத்துட்டா. ரிட்டயர்டு ஆகப்போற வயசுல எனக்கு இது தேவையா?"

"சார், மன்னிச்சுருங்க. அது வந்து..."

"பொறுங்க. ராத்திரி பூரா அழுதா. அப்புறமா அவ போன வாங்கிப் பாத்தா, அவளும் அதையேதான் போட்டுருக்கா!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்புப் பீறிட்டது. அவர் மனைவியும் ஆசிரியை என்பதை ஒன்றியமே அறியும். "அப்புறம் என்ன சொல்ல முடியும்? நான் அவளக் கூப்பிடுதேன், அவ என்னக் கூப்பிடுதா."

பள்ளி முழுக்கச் சிரித்தது. குழல்வாய்மொழியும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கழிப்பறைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சிரித்தவர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? ஒன்பது வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை ஒரே ஒருத்திக்கென்று எடுத்து வைத்தாள். அது மாதிரி விடையாகப் போய்விட்டது. சுகிர்தம் அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? எனக்கு வலித்ததை இவள் ஊரோடு சேர்ந்து கேலியாக்கிவிட்டாள் என்று நினைக்கமாட்டாளா? கோபம் இல்லை என்று சொன்னவளுக்கு இப்போது கோபமும் வந்துவிட்டால்? கூப்பிடாதே என்று சொன்ன வாய், இனி முகத்திலேயே விழிக்காதே என்று சொல்லிவிட்டால்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அந்தக் குரங்குக்கும் இன்றைக்கு நூறு தலை.

மத்தியானம் குழுவில் எழுதினாள். 'அனைவருக்கும் வணக்கம். நான் பதிந்தது சொந்த விஷயம். தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.' பதிந்ததை நீக்கத் தளத்தில் வழியில்லை என்று இசக்கிச்செல்வி தேடிப் பார்த்துச் சொன்னாள். குழுவில் ஒருவர் எழுதினார், 'அப்ப வேற கருத்து போடுங்க டீச்சர், அடுத்த மாசத்துக்கு.'

சுகிர்தத்தின் எண் அவளிடம் இருந்தது. இரண்டு தடவை எடுத்து, எண்ணைத் தொடாமலே வைத்துவிட்டாள். பேசினால் பின்னால் பள்ளி மணி கேட்கும், பிள்ளைகள் சத்தம் கேட்கும். இன்னும் இரண்டு நாள் அவளை நிற்க முடியாமல் ஆக்க வேண்டுமா?

செவ்வாயும் புதனும் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். பயிற்சி முடிந்தும் கருத்துப் பெட்டியை மட்டும் மூடவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த நூறு சத்தத்துக்கும் கடைசியில், புதிதாக ஒன்று வந்திருந்தது. சுகிர்தம், இடைநிலை ஆசிரியர், தாளவாடி.

'உங்கள் ஒன்றியத்திலிருந்து இத்தனை பேர் என்னை வரச் சொல்லியிருக்கிறீர்கள். உடற்கல்வி சார்கூடச் சொல்லியிருக்கிறார். சிரித்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கடைசிவரை படித்தேன். அம்மா போன செய்தியை இத்தனை தடவை படிக்க வேண்டியிருந்தது. எனக்கு மாறுதலில் வருவதற்கு வழியில்லை, விடுமுறைக்கு வந்தால் திரும்பிப் போக மனம் வராது. அது உங்களுக்கே தெரியும். வா என்று எழுதிய இத்தனை பேரில், நான் வருகிறேன் என்று ஒருவராவது எழுதியிருக்கலாம்.'

பஸ் வந்தது. குழல்வாய்மொழி ஏறவில்லை. அது போனதுகூட அவளுக்குத் தெரியாது.

எவ்வளவு சின்ன விஷயம். கலந்தாய்வு எப்போது, வழக்கு என்ன ஆயிற்று, காலியிடம் விழுமா என்று ஒன்பது வருடமாக விசாரித்திருக்கிறாள். தாளவாடிக்கு எந்த பஸ் போகிறது என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை. அம்மா படுக்கையில் இருந்தது உண்மை. ஷ்ரவண் சின்னப் பிள்ளை என்பதும் உண்மை. ஆனால் அம்மா போயும் நாலு சீசன் ஆகிவிட்டது. அவன் இப்போது தானே தலைசீவிக்கொள்கிறான். சுகிர்தம் வர வேண்டும், வர வேண்டும் என்று ஏங்கினாளே தவிர, தான் போகலாம் என்பது அவள் புத்தியில் தட்டவே இல்லை. ஊர் என்றால் எல்லோரும் வந்து சேர வேண்டிய இடம் என்று குற்றாலத்துக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. அருவி இருக்கிற கொழுப்பு, வேறென்ன.

வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்து அடுக்கினாள். கணபதிசுப்பிரமணியன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சீசன்ல உலகமே இங்கன வருது. நீ எங்க கெளம்புத?"

"சுகிர்தத்தப் பாக்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மலையில குளிரும். சொட்டர எடுத்துக்கோ" என்றான்.

வியாழக்கிழமை மத்தியானமே விடுப்பு எழுதிக் கொடுத்தாள். வல்லிநாயகம் காரணம் என்ற இடத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். 'சிநேகிதியைப் பார்க்க' என்று இருந்தது. சொந்த வேலை என்று எழுதுவதுதான் வழக்கம்.

"அந்தக் கம்பிப் பக்கம் நிக்கிறவங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா சார்."

கையெழுத்துப் போட்டார். "நாங்க கேட்டதாவும் சொல்லுங்க" என்றார். அதில் கேலி இல்லை.

தென்காசி பஸ் நிலையத்தில் குற்றாலத்துக்கு வருகிற கூட்டம் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக இறங்கிக்கொண்டே இருந்தது. அதை முட்டித் தள்ளிக்கொண்டுதான் அவள் மதுரை வண்டியில் ஏற வேண்டியிருந்தது. மதுரையில் மாறி, ஈரோட்டில் மாறி, சத்தியமங்கலத்தில் விடிந்து, காட்டு வளைவுகளில் தலைசுற்றி, எலுமிச்சம்பழத்தை மோந்து மோந்து ஒருவழியாய் மலை மேலே போய்ச் சேர்ந்தாள். காய்ந்த குளிர். சாரலின் ஈரம் மருந்துக்கும் இல்லை. ஒன்பது வருடம் சுகிர்தம் மூச்சுவிட்ட காற்று இதுதானா என்று ஒருமுறை ஆழமாக இழுத்துப் பார்த்தாள்.

பள்ளி ஒரே நீளமான கட்டடம். தமிழும் கன்னடமும் கலந்து பிள்ளைகள் சத்தமாக எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலில் நின்றதும் சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சுகிர்தம், பிள்ளைகள் ஏன் நிறுத்தினார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது. மெலிந்திருந்தாள். சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றது.

குழல்வாய்மொழி வழியெல்லாம் பேச்சு யோசித்து வைத்திருந்தாள். மன்னிப்பு, விளக்கம், அந்த நூறு பேர் கதை. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பையை வாசலில் இறக்கி வைத்தாள்.

சுகிர்தம் சிரிக்கவில்லை. ஓடி வரவும் இல்லை. கேட்டாள், "திரும்பிப் போக எப்ப பஸ்?"

"என்னட்டி, வந்து கால் வைக்கல, அதுக்குள்ள..."

"முதல்ல அதச் சொல்லு. எப்ப போவன்னு தெரிஞ்சாத்தான் நான் இப்ப அழாம இருப்பேன்."

பொய் சொல்லலாமா என்று குழல்வாய்மொழிக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம காலைல" என்றாள்.

சுகிர்தம் தலையை ஆட்டிக்கொண்டாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"சரி, அப்ப அழுகைய ஞாயித்துக்கெழமைக்கு வச்சுக்கிடுவோம். உள்ள வா" என்றாள்.

முதல் பெஞ்சில் பிள்ளைகள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.